ருசிக்கும் ஒரு சனத் உண்டு: திரையில் வரும் இந்தோனேசியச் சாப்பாடு பற்றி

2018ஆம் ஆண்டு பிரித்தானியத் தொலைக்காட்சியில் ஒரு கோழித்துண்டு பெரிய ரகளையைக் கிளப்பியது. மாஸ்டர்செஃப் சமையல் போட்டியில், மலேசியாவில் பிறந்த பெண்ணொருவர் நாசி லெமாக்கும் கோழி ரெண்டாங்கும் ஆக்கி வைத்தார். கோழியின் தோல் மொறுமொறுப்பாக இல்லை, அதன்மேல் குழம்பு கிடக்கிறது, சாப்பிட முடியவில்லை என்று நடுவர் கிரெக் வொலஸ் தீர்ப்புச் சொன்னார். அந்தப் பெண் போட்டியிலிருந்து வெளியேறினார். மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றிலும் சனங்கள் கொதித்தார்கள். அப்போதைய மலேசியப் பிரதமர் நஜீப் ரசாக்கும் இந்தக் கதைக்குள் வந்தார். மற்ற நடுவர் ஜோன் டொரோட், ரெண்டாங் ஒருவேளை இந்தோனேசியாவுடையதாக இருக்கலாமே என்று சமூக ஊடகத்தில் சீண்டிவிட, கொதிப்பு இன்னும் கூடியது.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய சம்பவம்தான். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. ஒரு சமையலைச் சரி பிழை சொல்லும் தகுதி யாருக்கு? அந்தச் சமையல் எந்த நாட்டின் சொத்து? வெகுசன ஊடகம் இந்த இரண்டையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது, அதைக் கேட்பார் குறைவு. இதை ஆக்கியவர் யாரிடம் படித்தார்? அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்?

மார்க்க அறிவில் ஒரு செய்தி வந்தால் அதன் சனதைப் பார்ப்பது நம்முடைய வழக்கம். யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இடையில் தொடர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். சமையலை அதற்குச் சமமாக வைக்கிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். அந்தக் கேள்வி கேட்கும் முறையை மட்டும் இரவல் வாங்குகிறேன். ஏனென்றால் இந்தோனேசியச் சாப்பாட்டைப் பற்றிய படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் எடைபோட அதைவிட நல்ல தராசு எனக்குக் கிடைக்கவில்லை.

சட்டிக்குள் நடப்பது

முதலில் ரெண்டாங் என்றால் என்ன என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவு மக்களிடம் அது ஒரு உணவின் பெயர் மட்டுமில்லை, ஒரு வேலையின் கடைசி நிலையும்கூட. இறைச்சியையும் தேங்காய்ப்பாலையும் அரைத்த கூட்டையும் அடுப்பில் ஏற்றினால் முதலில் வருவது தண்ணீர்ப் பதமான குலாய். எங்கட பாஷையில் ஆணம். அதைத் தொடர்ந்து வற்றவிட்டால் குழம்பு இறுகி, மண்ணிறமாகி, எண்ணெய் மேலே மிதக்கும். அது காலியோ. இன்னும் விடாமல் கிண்டினால் பால் முழுக்க வற்றி, தேங்காய் எண்ணெய் பிரிந்து, இறைச்சி அந்த எண்ணெயிலேயே பொரிந்து கறுத்துப்போகும். அதுதான் ரெண்டாங். பல மணித்தியால வேலை. அப்படி ஆக்கினால் குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே நாட்கணக்கில், வாரக்கணக்கில் கெடாது.

இது ஏன் இப்படி உருவானது என்பதற்கும் காரணம் உண்டு. மினாங்கபாவு சமூகத்தில் வீடும் காணியும் பெண்வழியில் இறங்குகின்றன. ஆண்கள் ஊர்விட்டுப் போய்ச் சம்பாதித்து, படித்து, திரும்பி வருவது மெரன்தாவ் என்ற வழக்கம். கிழக்கிலங்கை முஸ்லிம்களுக்கு, பெண்ணுக்கு வீடு போகும் கதையும் பெண்வழிக் குடி முறையும் புதிதல்ல. அந்தப் பயணத்துக்கு உம்மாமார் கட்டிக்கொடுத்த சாப்பாடுகளில் ரெண்டாங் முக்கியமானது. அதன் கூட்டுக்கு அவர்கள் ஒரு விளக்கமும் வைத்திருக்கிறார்கள். இறைச்சி குடித்தலைவர்களையும், தேங்காய் படித்தவர்களையும், மிளகாய் ஆலிம்களையும், மற்ற மசாலாக்கள் பொதுமக்களையும் குறிக்கின்றன. மிளகாய் ஏன் ஆலிம்கள்? உறைப்பாக இருந்தாலும் சொல்லவேண்டியதைச் சொல்பவர்கள் என்பதால். அவர்களுடைய வழக்கு ஷரீஆவின்மேல் நிற்கிறது, ஷரீஆ அல்லாஹ்வின் வேதத்தின்மேல் நிற்கிறது என்பது அந்த மக்களின் அடிப்படைச் சொல்.

இதெல்லாம் தெரிந்த பிறகு, மொறுமொறுப்பான தோலைக் கேட்ட நடுவரின் பிழை என்னவென்று விளங்கும். ருசி அவரவர் விருப்பம், அதில் குற்றமில்லை. ஒரு செயலின் முடிவைப் பார்த்து, அந்தச் செயலையே தெரியாமல் தீர்ப்புச் சொன்னதுதான் குற்றம்.

ஒரு தீவு, ஒரு தட்டு, ஒரு பகிடி

இப்படிப் பார்க்கும் பழக்கம் தொலைக்காட்சியோடு வந்ததல்ல. ஒல்லாந்தர் காலத்து ரைஸ்ட்டாஃபல் அதற்கு மூத்தது. சோற்றுமேசை என்பது சொல்லின் பொருள். பத்தாவியாவின் ஹொட்டல் டெஸ் இண்டஸ் போன்ற இடங்களில் பரிசாரகர்கள் வரிசையாக, ஆளுக்கொரு தட்டுடன் வந்து வெள்ளைத் துரைமாருக்குப் பரிமாறினார்கள். சுமாத்திராவின் குலாயும் ஜாவாவின் காய்கறிகளும் சாத்தேயும் ஒரே மேசையில் சேர்ந்தன. பல தட்டுகளை மேசையில் பரப்பிவைக்கும் பாதாங் வழக்கத்தின் சாயல் அதில் இருந்தது என்பார்கள். ஆனால் பாதாங் கடையில் தட்டு பரப்புவது, விரும்பியதைத் தொட்டு, தொட்டதற்கு மட்டும் காசு கொடுப்பதற்காக. ரைஸ்ட்டாஃபலில் அதே பரப்பு ஆட்சியின் பெருமையைக் காட்டும் ஊர்வலமாகிவிட்டது. தட்டு தெரிந்தது, தட்டை ஏந்தியவரின் ஊர் தெரியவில்லை.

இதற்குச் சுதந்திர இந்தோனேசியா கொடுத்த பதில்களில் ஒன்று முஸ்திகா ராசா என்ற சமையல் நூல். சுகர்னோவின் விருப்பத்தில் தொகுக்கப்பட்டு, 1967இல் வெளிவந்தது. ஆயிரத்துக்கும் கூடுதலான பக்கங்கள், 1,600க்கு மேற்பட்ட குறிப்புகள். அது வெளிவந்த வருஷத்திலேயே சுகர்னோவின் கையிலிருந்து ஆட்சி போய்விட்டது. ஆனாலும் ஒரு தேசம் தன் சாப்பாட்டைத் தானே எழுதிவைக்க எடுத்த அந்த முயற்சியை, பின்னால் வந்த எந்தத் தொலைக்காட்சித் தொடரும் அளவில் எட்டவில்லை.

17,000க்கு மேற்பட்ட தீவுகள், 2020 குடிசன மதிப்பீட்டின்படி 27 கோடி மக்கள், அவர்களில் நூற்றுக்கு 87 பேரளவில் முஸ்லிம்கள். இந்த நாட்டுக்கு மேற்குலகத் திரை கொடுத்த முகம் பெரும்பாலும் பாலி. 2010இல் வந்த ‘ஈற் பிரே லவ்’ படத்தைப் பாருங்கள். உண்பதற்கு இத்தாலி, வணங்குவதற்கு இந்தியா, காதலுக்கு இந்தோனேசியா. சாப்பாடு என்ற பங்கே இந்தோனேசியாவுக்கு ஒதுக்கப்படவில்லை. அன்ரனி போர்டெய்ன் என்ற அமெரிக்கச் சமையற்காரர் தன் தொடரில் பாலியின் உபுட் நகரத்தில் சாப்பிட்ட பன்றி வாட்டலைப் புகழ்ந்து தள்ளினார். அந்தச் சாப்பாடு பாலியின் ஹிந்து மக்களுக்கு உரிய, அவர்களுடைய சடங்கோடு சேர்ந்த சாப்பாடு. அதை அவர் காட்டியதில் ஒரு பிழையும் இல்லை. போர்டெய்ன் சமைப்பவர்களை மதித்தவரும்கூட. ஆனால் அந்த ஒரு தட்டையே பார்த்துவிட்டு இந்தோனேசியாவைச் சாப்பிட்டாகிவிட்டது என்று எண்ணும் பார்வையாளரை உருவாக்கியது, ஒரு தீவையே திரும்பத் திரும்பக் காட்டும் பழக்கம்.

இன்னொரு உதாரணம் கோப்பி லுவாக். மரநாய் தின்று கழித்த கொட்டையிலிருந்து எடுக்கும் கோப்பி. 2007இல் வந்த ‘த பக்கெற் லிஸ்ற்’ படத்தில் அது ஒரு பகிடி. பணக்காரர் விரும்பிக் குடிக்கும் கோப்பி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்ததும் இரண்டு நண்பர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதே கோப்பியைப் பற்றி 2010இல் இந்தோனேசிய உலமா சபை ஃபத்வா கொடுத்தது. கொட்டை அதன் கடினமான ஓட்டோடு முழுதாக இருக்கவேண்டும், விதைத்தால் முளைக்கும் நிலையில் இருக்கவேண்டும், அப்படியென்றால் அது நஜீஸ் பட்ட பொருள்தான், நஜீஸ் அல்ல, கழுவினால் ஹலால். எவ்வளவு நுணுக்கமான பார்வை! ஒரு பொருளை அதன் வேலைமுறையோடு சேர்த்துப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு அது. ஹொலிவூட் அதே பொருளில் அருவருப்பை மட்டும் கண்டது. பகிடியால் வந்த பிரபலம் விலையை ஏற்றியது. காட்டில் பொறுக்கிய கொட்டை போதாமல் மரநாய்களைக் கூண்டில் அடைத்து வளர்க்கும் தொழில் பெருகியதை 2013இல் பிபிசி வெளிக்கொண்டு வந்தது. ஊடகம் ஒரு சாப்பாட்டைப் பிழையாகக் காட்டினால் அதன் விளைவு திரையோடு நின்றுவிடாது என்பதற்கு அந்தக் கூண்டுகள் சாட்சி.

ராம்சே கிண்டிய சட்டி

2020இல் நாஷனல் ஜியோகிரஃபிக்கில் வந்த கோர்டன் ராம்சேயின் ‘அன்சார்ட்டட்’ தொடர் மேற்குச் சுமாத்திராவுக்குப் போனது. தொடரின் சட்டகமே கோளாறானது. வெளிநாட்டுச் சமையற்காரர் ஒருவர் வருகிறார், சில நாள் சுற்றுகிறார், கடைசியில் ஊர்க்காரர்களோடு சேர்ந்து நின்று அவர்களுடைய சாப்பாட்டைத் தானும் ஆக்கிக் காட்டுகிறார். இந்தத் தொடர் வரப்போகிறது என்று 2018இல் அறிவித்தபோதே, இது பழைய குடியேற்றக்காரர் பார்வை என்று பலர் எதிர்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த கைவேலையை ஒரு கிழமையில் பிடித்துவிடலாம் என்ற எண்ணம் சட்டகத்திலேயே ஊறிக்கிடக்கிறது.

ஆனால் அந்த அத்தியாயத்தை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. காரணம் ராம்சே அல்ல, அவருக்கு வழிகாட்டிய வில்லியம் வொங்சோ. ரெண்டாங்கை உலக மேடைகளுக்குக் கொண்டுபோன இந்த மனிதர் மினாங்கபாவு இனத்தவரே அல்லர். ஜாவாவின் மாலாங்கில் 1947இல் பிறந்த சீன வம்சாவளி இந்தோனேசியர். பிறப்பால் வந்த உரிமை அவருக்கு இல்லை. பல காலம் ஊர் ஊராகப் போய்ச் சமைப்பவர்களிடம் கேட்டுப் படித்தது மட்டும்தான் அவருடைய உரிமை. இரத்தத்தில் தொடர் இல்லாவிட்டாலும் அறிவில் தொடர் இருக்கலாம் என்பதை அவர் நின்று காட்டுகிறார்.

இந்தோனேசியத் தொலைக்காட்சியிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. பொண்டான் வினார்னோ. புசாங் தங்கச் சுரங்க மோசடியைத் துருவி எழுதிய பத்திரிகையாளர். பின்னால் ‘விசாத்தா குலினேர்’ என்ற நிகழ்ச்சியில் தெருவோரக் கடைகளைத் தேடிப் போனார். “மக் ஞுஸ்” என்று அவர் சொல்லும் சொல் நாட்டுக்கே பழகிவிட்டது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்ட பலர், மோசடியைத் துருவிய அதே கண்தான் கடைகளையும் பார்த்தது என்பதை விட்டுவிட்டார்கள். இன்றைக்குக் கைபேசியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போய், ஒரு வாய் போட்டுவிட்டுக் கண்ணை உருட்டுகிறவர்கள் அவருடைய சொல்லைத்தான் எடுத்தார்கள், வேலையை எடுக்கவில்லை.

மாக்கின் கடை

இனி எனக்கு மிகப் பிடித்த படத்துக்கு வருகிறேன். 2014இல் அட்ரியான்தோ தேவோ இயக்கிய ‘தபுலா ராசா’. ஹன்ஸ் என்ற பப்புவா இளைஞன் உதைபந்தாட்டக் கனவோடு ஜகார்த்தாவுக்கு வருகிறான். கால் முறிந்து, கழகம் கைவிட்டு, தெருவுக்கு வந்து, உயிரை விடும் நிலைக்குப் போகிறான். சிறிய பாதாங் சாப்பாட்டுக் கடை நடத்தும் மாக் என்ற மினாங்கபாவுத் தாய் அவனுக்குச் சோறு போடுகிறாள். அவளும் இழந்தவள்தான், மகனைப் பூகம்பத்துக்குக் கொடுத்தவள். கடையின் சமையற்காரர் பர்மன்தோவுக்கு இவனைப் பிடிக்கவில்லை. கொஞ்ச நாளில் அவர் எதிர்ப் பக்கத்தில் திறந்த பெரிய கடைக்குப் போய்விடுகிறார். மாக் தன் கையிலிருந்ததை ஹன்ஸுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். இழப்பின் நினைவோடு பிணைந்த மீன்தலை குலாய் கடையைத் தூக்கி நிறுத்துகிறது.

கதை எளிது. படத்தின் பலம் அது கேட்கும் கேள்வியில் இருக்கிறது. பெரும்பாலும் கிறிஸ்தவர்கள் வாழும் பப்புவாவிலிருந்து வந்த, அநாதையான ஒருவனுக்கு மினாங்கபாவுச் சமையலின் தொடரில் இடமுண்டா? உண்டு என்று படம் சொல்கிறது, அதைப் பேச்சால் சொல்லாமல் வேலையால் சொல்கிறது. மாக் கிண்டுவதை அவன் பார்க்கிறான், பிறகு அவன் கிண்டுவதை அவள் பார்க்கிறாள். எதிர்க் கடைக்குப் போன பர்மன்தோ அந்த இனத்துச் சமையலை நன்றாக அறிந்தவர். அவரிடம் கைப்பக்குவம் இருக்கிறது, விசுவாசம் இல்லை. எது அசல் என்று பார்ப்பவர்தான் முடிவுசெய்யவேண்டும். மாக்காக நடித்த தேவி இராவானுக்கு அவ்வருட இந்தோனேசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருதும், இயக்குநருக்குச் சிறந்த இயக்குநர் விருதும் கிடைத்தன.

குறை இல்லையா? இருக்கிறது. ஹன்ஸ் பெரும்பாலும் வாங்குகிறவனாகவே நிற்கிறான். பப்புவாவுக்கும் சொந்தமாக ஒரு அடுப்பு உண்டு, சாகுமரத்து மாவில் ஆக்கும் பப்பேடா உண்டு. அது மாக்கின் சமையலுக்குச் சரிசமமாகப் படத்தில் உட்காரவில்லை. பெரிய சமூகம் கொடுக்கும், சின்னச் சமூகம் வாங்கும் என்ற பழைய கதை, அன்பின் பெயரில் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது.

2018இல் எட்வின் இயக்கிய ‘அருணாவும் அவள் நாக்கும்’, லக்ஷ்மி பமுன்சாக்கின் நாவலைத் தழுவிய படம். பறவைக்காய்ச்சலை விசாரிக்கப் போகும் அருணா, சுராபாயாவிலிருந்து மதுரா, பொந்தியானாக், சிங்காவாங் என்று ஊர் ஊராகச் சாப்பிட்டுக்கொண்டு போகிறாள். படம் அழகாக இருக்கிறது, சில இடங்களில் அழகு மட்டுமே இருக்கிறது. ஆனால் அதன் நடுவில் ஒரு உண்மை உண்டு. அவள் தேடுவது சின்ன வயதில் வீட்டில் வேலைசெய்த பெண்மணி ஆக்கித் தந்த நாசி கோரெங். எத்தனை கடையில் தேடியும் அந்த ருசி கிடைப்பதில்லை. இதை நான் படத்தின் மிக அரசியலான செய்தியாகப் பார்க்கிறேன். நடுத்தர வர்க்கம் ‘எங்கள் வீட்டு ருசி’ என்று பெருமைப்படுவது பலநேரம் இன்னொருத்தியின் கையிலிருந்து வந்தது. இந்தோனேசியப் பெண்களும் எங்கட நாட்டுப் பெண்களும் வளைகுடா நாடுகளின் குசினிகளில் பக்கத்துப் பக்கத்தில் நின்று சமைக்கும் காலம் இது. அங்கே வளரும் பிள்ளைகளின் நாக்கில் யாருடைய சனத் எழுதப்படுகிறது?

நெற்ஃப்ளிக்ஸின் ‘ஸ்ட்ரீட் ஃபூட்’ தொடரில் 2019இல் வந்த ஜோக்ஜகார்த்தா அத்தியாயம் இந்த விஷயத்தில் நேர்மையாக நடந்துகொண்டது. லூபிஸ் விற்கும் எம்பா சாத்தினெம், ஒல்லாந்தர் காலத்திலிருந்தே குதெக் விற்றுவந்த எம்பா லிண்டு ஆகிய மூதாட்டிகளின் பெயரையும் முகத்தையும் வாழ்க்கையையும் முன்னால் வைத்தது. எம்பா லிண்டு நூறு வயதளவில் 2020இல் காலமானார். அவருடைய கை பதிவாகியது ஒரு நன்மை. கஷ்டத்தையெல்லாம் சீனிப்பாகு போல இனிப்பாகக் காய்ச்சி ஊற்றியது மட்டும் அந்தத் தொடரின் பலவீனம்.

அசல் என்பது வேலியாகும்போது

ஊடகம் பிழையாகக் காட்டுகிறது என்ற கோபம் நியாயமானது. அந்தக் கோபம் எங்கே போய் முடிகிறது என்பதையும் பார்க்கவேண்டும். 2024 ஒக்ரோபரில் மேற்கு ஜாவாவின் சிரெபோனில், மினாங்கபாவு அல்லாதவர்கள் மலிவு விலைக்கு நடத்திய கடைகளின் கண்ணாடியிலிருந்து ‘பாதாங் சாப்பாடு’ என்ற எழுத்தைச் சிலர் உரித்தெடுத்தார்கள். காணொளி நாடு முழுக்கப் பரவியது. பாதாங் சாப்பாடு யார் வேண்டுமானாலும் விற்கலாமா என்ற விவாதம் எழுந்தது. ‘தபுலா ராசா’வின் ஹன்ஸ் உண்மையில் இருந்து ஒரு கடை போட்டிருந்தால், அவன் கடையின் எழுத்தையும் உரித்திருப்பார்கள். பத்து வருஷத்துக்கு முன் திரையில் கைதட்டிய விஷயத்தைத் தெருவில் தாங்க முடியவில்லை.

2022இல் வந்தது வேறு வகை. ஜகார்த்தாவில் பன்றி இறைச்சியில் ரெண்டாங் விற்ற ஒரு கடையைப் பற்றிய செய்தி பரவி, பெரும் எதிர்ப்பு எழுந்தது. கடை அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது, உரிமையாளர் மன்னிப்பும் கேட்டார். இந்த இரண்டையும் ஒரே தராசில் போடக்கூடாது என்பது என் கருத்து. சிரெபோனில் கேட்கப்பட்டது ஆளின் இனம். ஜகார்த்தாவில் கேட்கப்பட்டது பெயரின் பொருள். ஷரீஆவின்மேல் தன் வழக்கை நிறுத்திய ஒரு சமூகத்தின் பெயரைச் சுமக்கும் சாப்பாட்டை, அந்த வழக்குக்கு நேர்மாறான பொருளில் ஆக்கி அதே பெயரில் விற்றால், அந்தச் சமூகம் மனம் நோவது இயல்பு. வேறு பெயர் வைத்திருந்தால் யாருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மனம் நோவதற்கும், மூடிக்கிடக்கும் கடையின் ஆளைத் துரத்தித் துரத்தி அடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. சமூக ஊடகம் அந்த வித்தியாசத்தை அறியாது.

ஆகவே என் அளவுகோல் இதுதான். சாப்பாட்டுக்கு உரியவர் யார் என்று இரத்தத்தை வைத்துப் பிரித்தால் ஹன்ஸும் வொங்சோவும் வெளியே நிற்பார்கள். யாரும் எதையும் எப்படியும் ஆக்கலாம் என்று விட்டால் மாக்கின் உழைப்புக்கு அர்த்தமில்லை. யாரிடம் படித்தாய், படித்ததை எவ்வளவு காத்தாய், மாற்றியதை மாற்றம் என்று ஒப்புக்கொண்டாயா என்று கேட்டால், நல்லவர்கள் உள்ளே வருவார்கள், அவசரக்காரர்கள் அகப்படுவார்கள்.

எங்கட பக்கம்

இதெல்லாம் கடலுக்கு அப்பால் நடக்கும் கதை என்று நாம் ஒதுங்க முடியாது. ஒல்லாந்தர் ஜாவாவிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுவந்த மக்களின் வழித்தோன்றல்கள் இலங்கை மலாயர். மக்காஸரின் ஷெய்க் யூசுப் 1684இல் இங்கே நாடுகடத்தப்பட்டு, 1694இல் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பப்படும்வரை இந்த மண்ணில் இருந்தார். 1869இல் கொழும்பிலிருந்து ‘ஆலமத் லங்காபுரி’ என்ற மலாய்ப் பத்திரிகை வந்தது. அந்த மக்களின் எழுத்துக்குச் சான்று இருக்கிறது. அடுப்புக்கு?

பெருநாளைக்கு நம் வீட்டில் ஆக்கும் வட்டலப்பம் மலாய் வீட்டிலிருந்து வந்தது என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். தொதல் அவர்களிடம் டோடோல். பிட்டோடு சாப்பிடும் பாபத், இந்தோனேசியாவில் இரைப்பையைக் குறிக்கும் அதே சொல். கொழும்பு ஹொட்டல்களின் உணவுப் பட்டியலில், மேலே ஒரு முட்டை பொரித்து வைத்த நாசி கோரெங் இல்லாத இடம் குறைவு. எங்கட தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகள் அதை இந்தோனேசியச் சாப்பாடு என்று அறிமுகம் செய்வதோடு விட்டுவிடுகின்றன. அந்தப் பெயரை நூற்றாண்டுகளாக வாயில் வைத்திருந்த கொம்பனித்தெரு வீடுகளை அவை எட்டிப் பார்ப்பதில்லை. வெள்ளைக்கார நடுவர் கோழித்தோலைத் தட்டிப் பார்த்ததற்குக் கோபப்படும் நாம், பக்கத்துத் தெரு மலாய் மூதாட்டியிடம் மலாய் அச்சாறுக்கு வினாகிரி எப்போது ஊற்றுவது என்று கேட்டு எழுதிவைத்திருக்கிறோமா?

நம் ஆய்வாளர்கள் கல்வெட்டுகளையும் கையெழுத்துப் பிரதிகளையும் தேடுகிறார்கள், தேடவும் வேண்டும். குசினியும் ஒரு சுவடிக்கூடம்தான், அதன் சுவடிகள் மனிதர்கள் என்பதால் ஒவ்வொரு மௌத்தோடும் ஒன்று குறைகிறது. ஒவ்வொரு ஊரிலும் நாலு பேர் சேர்ந்து, சமைப்பவரின் பெயர், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரின் பெயர், ஊர், அளவு, பக்குவம் என்று எழுதத் தொடங்கினால் போதும். முஸ்திகா ராசாவைப் போல ஆயிரம் பக்கம் வேண்டியதில்லை. முதல் நோட்டுப் புத்தகத்தை வாங்குவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.